பெரட்டுத் தப்பும் மண்சரிவுச் சங்கும்

இலங்கையின் சபரகமுவ தோட்டங்களில் ஆட்களை ஒலியால் கூட்டும் வழக்கம் தப்பு எனும் பறையோடு தொடங்குகிறது. விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்பு கேட்டால் பெரட்டுக்களத்துக்குப் போய்விட வேண்டியிருந்தது. சாவுக்கும் திருவிழாவுக்கும் அதே தப்புத்தான், அடி மட்டும் மாறும். இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்ட பகுதியில் தேயிலையோடு இறப்பரும் உண்டு. பால்வெட்டு வெயில் ஏறுமுன் நடக்க வேண்டிய வேலை. பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. அடைமழைக் காலையில் முழுநாள் வேலைக்கணக்கான பேர் கிடைக்குமா என்பதே சந்தேகம்.

தப்பின் வேலையைப் பின்னர் பல தொழிற்சாலைகளில் சங்கு எடுத்துக்கொண்டது. தோட்டத்தார் சங்கு என்று சொல்லும் சைரன் ஐரோப்பாவின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை வெட்டி வெட்டி விட்டால் ஒலி பிறக்கும் என்பதை வைத்து, பிரான்சின் கான்யார் தெ லா தூர் 1819இல் அதற்கு வடிவமும் பெயரும் கொடுத்தார். மின்மோட்டார் வந்தபின் அதே தத்துவம் கூரை ஏறியது. நிமிடத்துக்கு 2,850 சுற்று ஓடும் மோட்டாரில் 10 வாய்கள் கொண்ட சுழலியைப் பூட்டினால் ஒலி 475 ஹெர்ட்ஸில் நிற்கும். மோட்டாரை விட்டுவிட்டுப் போட்டால் ஏறி இறங்கி அலறும்.

இரண்டாம் உலகப்போரில் ஏறி இறங்கும் அலறல் விமானத் தாக்குதலுக்கும், ஒரே சீரான ஊதல் ஆபத்து நீங்கியதற்கும் அடையாளமாயின. ஆனால் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது போதிய முன்னறிவிப்பே கிடைக்கவில்லை. ரத்மலானையில் போர்விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். சங்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செய்தி சரியான நேரத்தில் கைக்கு வந்தால்தான் அதற்கு வேலை.

குருவிட்ட பகுதிக்கு ஆபத்து மலையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வருகிறது. எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் பாதை தொடங்கும் இப்பகுதியில் குரு கங்கை இறங்கிக் களு கங்கையில் சேருகிறது. இரத்தினபுரியில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டரைத் தாண்டும். 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டன. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ விட்டனர். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இப்போது 24 மணி நேர மழையை வைத்து எச்சரிக்கிறது: 75 மில்லிமீட்டரில் விழிப்பு, 100இல் புறப்படத் தயார், 150இல் வெளியேற்றம். லயம் எனும் தோட்டத்துத் தொடர்வீட்டில் உறங்குபவரை நள்ளிரவில் எழுப்ப இந்த எண்களுக்கு ஒரு குரல் தேவை. கூரையில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சங்குகளுக்கு மறுவாழ்வு உண்டென்றால் இங்கேதான்.

அத்தகைய சங்கைச் சீராக்குவது மோட்டார் வைண்டிங் கடைக்காரரின் அன்றாட வேலையிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. மின்சாரத்தைத் துண்டித்ததும் முதலில் பார்க்க வேண்டியது குளவிக்கூடு. சுழலியைக் கையால் திருப்பினால் நோய் பாதி தெரிந்துவிடும்: கரகரத்தால் பெயாரிங், ஓரிடத்தில் மட்டும் இடித்தால் துருவோ வளைந்த தண்டோ. சுழலிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் உள்ள சந்து மிகச் சிறியது; அதில் துரு உப்பினாலே இறுகிவிடும், அரத்தால் தேய்த்துச் சந்தைக் கூட்டினாலோ சத்தம் குறைந்துவிடும். கெட்டித்துப்போன பழைய கிரீஸை முழுதும் கழுவ வேண்டும். மழைநாட்டில் அதிகம் சாவது வைண்டிங். மெகர் கருவியில் காப்பு ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மெல்லச் சூடேற்றி உலர்த்துவார்கள். அதற்கும் ஏறாவிட்டால் புதுக்கம்பி சுற்றி வார்னிஷ் போடுவதுதான் வழி. கூட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம், சுழலிக்கு அடிக்கக் கூடாது. ஒரு பக்கம் தடிப்பாகப் படிந்தாலே முழு வேகத்தில் நிறை பிசகி, பெயாரிங்கைத் தின்னும். மூன்று கட்ட மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் இரண்டு கம்பிகளை மாற்றிப் பூட்டினால் போதும். முதல் ஓட்டம் இரண்டு மூன்று விநாடிதான். அதிர்வு இல்லையென்றால்தான் முழுச் சத்தம்.

மலை சரியும் மழையில் முதலில் போவது மின்சாரம். ஆகவே கூரைச் சங்குக்குத் துணையாகக் கைச்சுழற்சிச் சைரன் ஒன்றும் லயத்தருகே இருப்பது நல்லது. பற்சக்கரங்களின் உதவியால் ஓர் ஆளின் கைவலுவே அதற்குப் போதும். பெரட்டு நேரத்துக்கு ஊதும் சீரான ஊதலோடு மண்சரிவு ஒலி கலந்துவிடக் கூடாது என்பதால், அலறல் ஒலியை இடருக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். சோதனை ஊதலை, தோட்டத்துக்குத் தமிழிலும் கீழ்க்கிராமங்களுக்குச் சிங்களத்திலும் முந்திய நாளே அறிவித்துவிட்டு, வெயில் நாளில் நடத்துவதே முறை.