வில்னா நூலகம் கடந்த வழி

இன்று லித்துவேனியாவின் தலைநகராக இருக்கும் வில்னா, 1925ல் போலந்தில் இருந்தது. அந்த ஆண்டு அங்கே ‘யிவோ’ ஆய்வு நிறுவனம் தொடங்கியது. கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்களில் இருந்த தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ப் பாட்டு, பழமொழி, கதை, நாடகச் சுவரொட்டி, சங்கக் கணக்கேடு என்று கிடைத்ததையெல்லாம் அதற்கு அனுப்பினார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் பேசிய எளிய மக்களின் வாழ்வு இப்படித்தான் அலமாரி ஏறியது. அதே ஊரில் ஸ்ட்ராஷுன் நூலகம் பழைய எபிரேய நூல்களுக்குப் பேர்போனது.

1941 ஜூனில் நாஜிப் படை நகரைப் பிடித்தது. ஊருக்கு வெளியே பொனாரி காட்டில் யூதர்களைச் சுட்டுக் குழிகளில் தள்ளினார்கள். எஞ்சியவர்களை, யூதர்களுக்கென்று அடைத்துவைத்த பகுதியான கெட்டோவில் அடைத்தார்கள். மக்களைக் கொன்றவர்களுக்கு அவர்களுடைய நூல்கள் மட்டும் வேண்டியிருந்தன, ஃபிராங்ஃபர்ட்டில் இருந்த தங்கள் நிறுவனத்தில் ‘யூதப் பிரச்சினை’யை ஆராய! நூல்களைத் தரம் பிரிக்க, கெட்டோவிலிருந்த அறிஞர்களையும் கவிஞர்களையுமே யிவோ கட்டடத்தில் வேலைக்கு வைத்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதம் ஜெர்மனிக்கு, மற்றதெல்லாம் காகித ஆலைக்கு என்பது உத்தரவு. யூத வேதமான தோராவின் சுருள்களிலிருந்த தோல் செருப்புத் தைக்கப் போனது.

அந்த வேலையாட்கள்தான் பிறகு ‘காகிதப் படை’ என்று பெயர்பெற்றார்கள். கவிஞர்கள் ஆப்ரகாம் சுட்ஸ்கெவரும் ஷ்மெர்கெ கச்செர்கின்ஸ்கியும், நூலகர் ஹெர்மன் க்ரூக்கும், யிவோவின் செலிக் கல்மனோவிச்சும் அதில் இருந்தார்கள். மாலையில் வேலை முடிந்து கெட்டோ வாசலுக்குத் திரும்பும்போது, சட்டைக்குள் உடம்போடு சுற்றிய தாள்களோடு வருவார்கள். வாசலில் சோதனை உண்டு. பிடிபட்டால் அடி, சில நேரம் மரணம். அடுப்பெரிக்கக் கழிவுத்தாள் வேண்டும் என்று சொல்லி, சுட்ஸ்கெவர் ஜெர்மன் அதிகாரியிடமே அனுமதிச் சீட்டு வாங்கினார். அந்தக் ‘கழிவுத்தாளில்’ கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் கெட்டோவுக்குள் வந்தன. யூதர்களுக்குத் தனிநாடு கேட்ட இயக்கத்தின் தலைவர் தியடோர் ஹெர்ஸலின் நாட்குறிப்பும் அவர்கள் காப்பாற்றியதுதான். சிலவற்றை யிவோ கட்டடத்தின் பரணிலேயே ஒளித்தார்கள்; மற்றவை சுவருக்குள்ளும் நிலத்தடிப் பதுங்குகுழியிலும் போய் ஒளிந்தன.

1943 செப்டம்பரில் கெட்டோ அழிக்கப்படுவதற்குச் சில நாள் முன்பு, கவிஞர்கள் இருவரும் தப்பி நரோச் காட்டுக்குப் போய்க் கெரில்லாக்களோடு சேர்ந்தார்கள். க்ரூக்கும் கல்மனோவிச்சும் எஸ்தோனிய முகாம்களில் உயிர்விட்டார்கள்.

1944 ஜூலையில் சோவியத் செம்படை நகரை மீட்டதும் கவிஞர்கள் திரும்பி வந்தார்கள். யிவோ கட்டடம் இடிந்து கிடந்தது; அதன் பரணில் ஒளித்தவை சாம்பலாகியிருந்தன. பதுங்குகுழியில் இருந்தவை பிழைத்திருந்தன. தோண்டியெடுத்து ஒரு யூத அருங்காட்சியகமும் தொடங்கினார்கள். ஆனால் சோவியத் நிர்வாகமும் யூதத் தாள்களை மூட்டை மூட்டையாகக் காகித ஆலைக்கு அனுப்பவே, கவிஞர்கள் முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளிநாடு போனார்கள். 1949ல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. ஆலைக்குப் போயிருக்க வேண்டிய மிச்சத்தை லித்துவேனிய நூலகர் அன்டானஸ் உல்பிஸ் ஒரு பழைய தேவாலயத்தில் புத்தகக் குவியல்களுக்கிடையே மறைத்து வைத்தார்.

நாஜிகள் கொண்டுபோன பங்கு, ஜெர்மனியின் ஓஃபன்பாக்கில் இருந்த அமெரிக்க ராணுவக் கிடங்கு வழியாக 1947ல் நூற்றுக்கணக்கான பெட்டிகளில் நியூயார்க் சேர்ந்தது. போருக்கு முன் யிவோவின் கிளை மட்டும் இருந்த நியூயார்க்தான் இப்போது அதன் தலைமையகம். உல்பிஸ் மறைத்தவை 1980களின் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தன. 2017ல் மேலும் சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பக்கங்கள் அடையாளம் காணப்பட்டன. நியூயார்க்கிலும் வில்னாவிலும் பிரிந்து கிடந்தவை மின்படியாகி, இன்று இணையத்தில் ஒன்றாகப் படிக்கக் கிடைக்கின்றன.

ஒரு சமூகத்தைக் கொன்றவர்கள் அதன் கதையைத் தாங்களே எழுதிவிட நினைத்தார்கள். அது நடக்கவில்லை. வில்னா, போலந்து யூதர்கள் எப்படிப் பாடினார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதை நம்பினார்கள் என்பதை இன்று அவர்கள் எழுத்திலேயே படிக்கிறோம். நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள், நாளை படிக்க வருபவரை நம்பி ஏற்றுக்கொண்ட ஆபத்தால் கிடைத்த உரிமை இது.