பச்சைப் பெயர், சிவப்புப் பெயர்

ஷினிகாமி ஐஸ்னு ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன். திருநர்களுக்கு ஆதரவானவங்க பெயர் பச்சையாத் தெரியும், வெறுக்கிறவங்க பெயர் சிவப்பா. குறிச்சுக் கொடுக்கிறது பயனர்களேதான்.

தினம் வசவு வாங்குறவங்களுக்கு இப்படி ஒண்ணு தேவைப்பட்டதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா ஏன் சிவப்பு, எந்தப் பதிவுக்காகன்னு அது காட்டாது. பட்டியல் இருக்கிறது ப்ளூம் ஃபில்டர்ல. அது 'இல்லை'ன்னா நிச்சயமா இல்லை. 'இருக்கு'ன்னா அநேகமா இருக்கு, அவ்வளவுதான்! எங்க பாஷைல ஃபால்ஸ் பாசிட்டிவ். நாங்களாவது சந்தேகம்னா மறுபடி டெஸ்ட் எடுப்போம், நோயாளிகிட்ட ரிசல்ட்டைச் சொல்லுவோம்.

குறிக்கப்பட்டவங்களுக்குத் தகவலே சொல்றதில்லைங்கிறதையும் ஒரு காரணமாக் காட்டித்தான் 2021ல நார்வே தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதிக்கப்போறதா அறிவிச்சது.

திருநர் ஒருத்தரே தவறா சிவப்பானா? சக திருநர்களே விலகிப்போவாங்க. ஏன்னு அவருக்குக் கடைசி வரை தெரியாது.