சிறுதேரும் சிற்றுந்தும்

பொம்மைக் கார்களும் பொம்மை லாரிகளும் குழந்தைகளுக்கு உரியவை என்பது பொதுவான எண்ணம். வயதில் முதிர்ந்த ஒருவர், பணி முடிந்த மாலை வேளையில், மரத்தையும் தகரத்தையும் அராவி ஒரு சாண் நீளத்தில் லாரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தால், நம்மில் பலர் அவரைப் பார்த்து நகைக்கவே செய்வோம். ‘பொழுதை வீணாக்குகிறார்’ என்று இரங்குவோரும் உண்டு. ஆனால் இந்தச் சிறு வண்டிகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அந்த நகைப்பு நம் அறியாமையின் விளைவே என்பது புலனாகும். பெரிய வண்டிகள் மண்ணோடு மண்ணாகிவிட்ட பின்னர் அவற்றின் உருவத்தை உலகுக்கு எடுத்துரைத்தவை பல இடங்களில் சிறிய வண்டிகளே.

ஏறி ஊராத தேர்

தமிழர்க்கு இக்கலை புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்து தந்த சிறு தேரைச் சிறுவர் உருட்டி விளையாடும் காட்சி வருகிறது. அது ஏறிச் செல்ல முடியாத தேர் என்பதைப் புலவர் குறிப்பிடத் தவறவில்லை. அவரே பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்ணொருத்தி உலரும் நெல்லைக் கொத்த வந்த கோழியின்மீது தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். அது மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் சென்று இன்புற இயலாவிடினும், அதைக் கையால் இழுத்தே இன்புறும் இளையோரை அவர் உவமையாக்குகிறார்.

பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் தோன்றியபோது, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகச் சிறுதேர்ப் பருவமே அமைந்தது. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்களும் இவ்விலக்கிய வகையை எடுத்தாண்டுள்ளனர் என்பதை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். வடமொழியில் சூத்திரகரின் நாடகத்திற்குப் பெயர் தந்ததும் ஒரு மண் வண்டியே. பொன் வண்டி வேண்டுமென்று அழும் ஏழைச் சிறுவனின் மண் வண்டியில் வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி நிரப்புகிறாள். அந்நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தமிழாக்கியபோது, ‘மண்ணியல் சிறுதேர்’ என்றே அதற்குப் பெயரிட்டார்.

மண் சொன்ன சாட்சி

இலக்கியத்தை விட்டு அகழாய்வுக்கு வருவோம். அரப்பா, மொகஞ்சதாரோ, சான்குதாரோ ஆகிய இடங்களில் சுட்ட மண்ணாலான சிறு வண்டிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவை ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அம்மக்கள் ஓட்டிய மர வண்டிகளோ மக்கி மறைந்துவிட்டன. அவ்வண்டிகளின் சட்டம் எப்படி இருந்தது, சக்கரம் எவ்வாறு பொருந்தியது என்பவற்றை ஆய்வாளர்கள் பெரிதும் இந்த மண் பொம்மைகளைக் கொண்டே உணர்ந்தனர். சிந்துப் பகுதியில் அண்மைக் காலம் வரை ஓடிய மாட்டு வண்டிகளோடு அவற்றை ஒப்பிட்டு வியந்தனர். 1974இல் மராட்டிய மாநிலத்துத் தைமாபாத்தில் கிடைத்த வெண்கலத் தேரும் இத்தகையதே. இரண்டு காளைகள் பூட்டிய அத்தேரில் ஒரு மனிதன் நின்று ஓட்டுகிறான். அதன் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதன் வேலைப்பாட்டைப் பற்றி வேறுபாடு இல்லை.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். அன்று மண்ணைப் பிசைந்தவன் வரலாறு எழுத எண்ணியிருக்க மாட்டான். ஆயினும் கண்டதைக் கண்டவாறு சிறிதாக்கினான், அதுவே வரலாறாயிற்று.

தீப்பெட்டிக்குள் அடங்கிய உலகம்

மோட்டார் வண்டி பிறந்த பின் இக்கலை புதிய வடிவம் பெற்றது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மெக்கானோ நிறுவனத்தை நடத்திய பிராங்க் ஹார்ன்பி, தம் பொம்மை இரயில்களுக்குத் துணையாகச் சிறு உலோக வண்டிகளை 1930களின் தொடக்கத்தில் வெளியிட்டார். 1934இல் அவை டிங்கி என்னும் பெயர் பெற்றன. இரயிலுக்கு ஏற்ற அளவில் செய்யப்பட்டதால், 43இல் ஒரு பங்கு என்னும் அளவு நாளடைவில் உலக வழக்காயிற்று. 1947இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளையே பள்ளிக்கு எடுத்துவரலாம் என்ற விதியால் தவித்த தம் மகளுக்காகச் சாலை உருளை ஒன்றைச் சிறிதாகச் செய்து கொடுத்தார். அதிலிருந்து 1953இல் பிறந்ததே ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை. மரம் அறுக்கும் தொழிலோடு 1946இல் தொடங்கிய ஜப்பானின் டமியா, பின்னர் பிளாஸ்டிக் உறுப்புகளைப் பெட்டியில் வைத்து விற்று, வாங்குவோரையே செய்வோராகவும் ஆக்கியது.

இந்தியாவும் இதில் பங்கு பெற்றது. டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில இங்கே வந்து, 1960களின் இறுதியில் ‘நிக்கி’ என்னும் பெயரில் வண்டிகள் வெளிவந்தன. லிவர்பூலில் இருந்த தாய்த் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. நகரத்துச் சிறுவருக்கு இவை கிடைத்தன. கிராமத்துச் சிறுவரோ நுங்குக் கூந்தலில் குச்சியைச் செருகி வண்டி ஓட்டினர். தீப்பெட்டியை லாரியாகவும் சோடா மூடியைச் சக்கரமாகவும் ஆக்கினர். பொருளில் வேற்றுமை உண்டே தவிர, வேட்கையில் வேற்றுமை இல்லை.

அளவே உயிர்

பொம்மைக்கும் மாதிரி வண்டிக்கும் உள்ள வேறுபாடு அளவில் இருக்கிறது. மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தின்கீழ் செய்த சி.ஜே. 3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு 80 அங்குலம். 24இல் ஒரு பங்காகச் செய்தால் அது மூன்றேகால் அங்குலத்தைச் சற்றே தாண்டும். 43இல் ஒரு பங்கானால் இரண்டு அங்குலத்திற்கும் சிறிது குறையும். நீளம் 24இல் ஒன்றாகும்போது பரப்பு 576இல் ஒன்றாகிறது. கன அளவோ 13,824இல் ஒன்றாகிறது. எனவே தகட்டின் தடிப்பும் வண்ணப் பூச்சின் கனமும்கூட அதற்கேற்பக் குறைய வேண்டும். பூச்சு சற்றுத் தடித்தாலும் கதவின் விளிம்பு மறைந்து, வண்டி மீண்டும் பொம்மையாகிவிடும்.

நம் நாட்டு லாரியைச் செய்வது இதனினும் கடினம். எண்ணூரின் அசோக் லேலண்டும், 1954இல் ஜெர்மன் கூட்டோடு லாரி செய்யத் தொடங்கிய டாட்டா நிறுவனமும் நெடுங்காலம் பெரும்பாலும் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையுமே விற்றன. அதன்மேல் ஓட்டுநர் அறையையும் சரக்குப் பெட்டியையும் கட்டியவர்கள் நாமக்கல் முதலிய ஊர்களின் தச்சர்களும் கொல்லர்களும் ஆவர். வரைபடம் அவர்களின் கையிலேயே இருந்தது, காகிதத்தில் இல்லை. ஆகவே ஒரு லாரியைப் போல் மற்றொன்று இராது. அதை மாதிரியாக்க விரும்புபவர் வண்டியருகே அளவுநாடாவோடு சென்று, பலகை பலகையாக அளந்து குறித்தே தீரவேண்டும். அந்தக் குறிப்பேடே ஓர் ஆவணம் ஆகிவிடுகிறது.

மலைச்சரிவில் மறைந்தவை

இனி நம் மலையடிவாரத்துக்கு வருவோம். பொட்டிபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால் தெரியும் மலைகளின் மறுபுறம் ஏலக்காய்த் தோட்டங்கள். அப்பால் வடமேற்கே மூணாறு. அங்கே குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருள, மறுபக்கத்துப் பெருஞ்சக்கரம் தரையில் உருண்டு சமநிலை காத்தது, இழுத்தவை காளைகள். 1908இல் அது இரண்டடி அகலக் குறும்பாதையாக மாறியது. அதில் வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தன. 1924இன் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை.

இதே முறையில் அமைந்த பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள வண்டி 1907இல் ஓடத் தொடங்கியது. அதன் இயந்திரம் ஒன்று பழுது நீக்கப்பெற்று, தில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகிறது. மாணவன் ஒருவன் அங்கே சென்று தொட்டுப் பார்த்துக் கற்கலாம். குண்டளை வண்டியைக் கற்க அவன் எங்கே செல்வான்? பாட்டியாலாவின் அமைப்பையும் எஞ்சிய நிழற்படங்களையும் துணைகொண்டு யாரேனும் ஒருவர் அதன் மாதிரியைச் செய்தாலன்றி, அதை மீண்டும் கண்முன் நிறுத்த வழியில்லை.

அழிவு அத்தோடு நிற்கவில்லை. 1928இல் திறக்கப்பட்ட மதுரை – போடி மீட்டர் பாதை 2010இன் இறுதியில் மூடப்பட்டது. 2023 சூனில் அகலப்பாதை இரயில் போடிக்கு வந்தது. வரவேற்கத்தக்க மாற்றமே, எனினும் பழைய பெட்டிகளை அவ்வழியில் இனிக் காண இயலாது. விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறிய பழைய ஜீப்புகளும், ஏல மூட்டைகளோடு இறங்கிய பழைய மூக்கு லாரிகளும் அருகி வருகின்றன. 2021இல் தொடங்கப்பெற்ற வாகன அழிப்புக் கொள்கை, தகுதிச் சோதனையில் தேறாத வண்டிகளை உடைத்து அகற்ற வழி செய்துள்ளது. புகையும் விபத்தும் குறைய அது தேவையே. உடைக்குமுன் அளந்து வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லையே!

பெரியதை அறியச் சிறியதைக் கட்டுவது அறிவியலாரின் வழக்கமும் ஆகும். இதே பொட்டிபுரத்து மலைக்குள் அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2015இல் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் பெற்று, மக்களின் எதிர்ப்பையும் வழக்குகளையும் சந்தித்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 50,000 டன் அளவிலான இரும்புக் கருவி எண்ணப்பட்டது. அதற்கு முன்னோட்டமாக மதுரையில் கட்டப்பட்டது 85 டன் சிறு கருவி. திட்டத்தைப் பற்றி எக்கருத்துக் கொண்டவராயினும், சிறிதாக்கிப் பார்க்கும் முறையின் பயனை மறுக்கமாட்டார்.

பெரும் பொருள் இருந்தால்தான் அருங்காட்சியகம் அமைக்கலாம். கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்றது எல்லா ஊருக்கும் வாய்க்காது. ஆனால் ஒரு பள்ளியின் கைத்தொழில் வகுப்பு, ஊரில் எஞ்சியிருக்கும் ஒரு பழைய ஜீப்பை அளந்து, 24இல் ஒரு பங்காகச் செய்து கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். அதை ஓட்டியவர், பழுது பார்த்தவர், அதில் ஏறி மலைக்கு வேலைக்குச் சென்ற தாய்மார் ஆகியோரின் நினைவுகளை எழுதி அருகே வைக்கலாம். நம் ஊர்களில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் மறைந்து வண்டியும் உடைந்த பின்னர், எத்தனை பொருள் செலவிட்டாலும் அவ்வரலாறு கிட்டாது.

சிந்துவெளிச் சிறுவனின் மண் வண்டி 4500 ஆண்டுகள் காத்திருந்து தன் காலத்தைப் பேசியது. நம் காலத்தைப் பேச நாம் எதை விட்டுச் செல்லப் போகிறோம்? அலமாரியில் நிற்கும் சிறு லாரியைக் கண்டு அடுத்த முறை நகைக்குமுன், இந்த வினாவை நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.