தேய்ந்த சுருளும் உருகிய சுருளும்

பிரிட்டிஷ் திரைப்படத்தின் தொடக்க கால நடிகரும் இயக்குநருமான செசில் ஹெப்வொர்த் (1874–1953), மாயவிளக்குக் காட்சிகளோடு சொற்பொழிவாற்றிய ஒருவரின் மகன். 1903-இல் பெர்சி ஸ்டோவுடன் இணைந்து 'ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்' கதையைப் படமாக்கி, அதில் தவளைச் சேவகனாகவும் தோன்றினார்.

1905-இல் அவர் தயாரிக்க, லெவின் ஃபிட்ஸ்ஹேமன் இயக்கிய படம் 'ரெஸ்க்யூட் பை ரோவர்'. கதை ஹெப்வொர்த்தின் மனைவியுடையது. தந்தையாக அவர், தாயாக மனைவி, கடத்தப்படும் குழந்தையாக மகள், மீட்கும் நாயாக வீட்டு நாய் பிளேர். செலவு எட்டு பவுண்டுக்கும் குறைவு. விற்றவையோ ஏறத்தாழ 400 பிரதிகள். பிரதியெடுத்தே மூல நெகடிவ் தேய்ந்துபோக, முழுப் படத்தையும் மேலும் இருமுறை எடுக்க நேர்ந்தது.

முதல் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் படங்கள் சந்தையைப் பிடித்தன. 1923-இல் 'கமின் த்ரோ த ரை' படத்தை இயக்கிய ஹெப்வொர்த்தின் நிறுவனம் மறு ஆண்டே நொடித்தது. கடனுக்காக நெகடிவ்கள் விற்கப்பட்டு உருக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் பிறர் படங்களுக்கு முன்னோட்டங்கள் தயாரித்துப் பிழைத்தார்.

ரோவர் தப்பியதற்கு அதன் புகழே காரணம் என்று தோன்றுகிறது. ஊர் ஊராகச் சிதறிவிட்ட பிரதிகளைக் கடன்காரர்களால் எட்ட முடியவில்லை.