குளிரைத் தடுத்த ஊசி

வறியவர் தம் தேவைக்காகச் செய்த பொருளைப் பிற்காலத்தார் கலையெனக் கொண்டாடுவதை வரலாற்றில் நாம் பலமுறை காண்கிறோம். ஜப்பானியரின் சாஷிகோ தையலும் அத்தகையதே. 'சிறு குத்துகள்' என்பது அச்சொல்லின் பொருள். நீலத் துணியில் வெள்ளை நூலால் இடும் எளிய ஓட்டுத்தையல் அது.

ஹொன்ஷு தீவின் வடகோடியில், இன்றைய அவோமோரி மாநிலத்தில், சுகாரு என்னும் பகுதி உள்ளது. பனி மிகுந்த அந்நிலத்தில் பருத்தி விளையவில்லை. சணல் துணியே உழவரின் உடை. போதாக்குறைக்கு, உழவர் பருத்தியாடை அணிதலாகாது என 1724-இல் அங்கே சிக்கன ஆணை பிறந்தது. இழைகளின் இடைவெளியில் புகுந்த குளிரைத் தடுக்கப் பெண்கள் ஊசியை எடுத்தனர். முதலில் சணல் நூலாலும், கைக்கெட்டிய காலத்தில் பருத்தி நூலாலும் அவ்விடைவெளிகளை அடைத்தனர். பாவு இழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் எண்ணித் தைக்க, சாய்சதுரக் கோலங்கள் பிறந்தன. இதுவே 'கொகின்'. அண்டையிலிருந்த நம்பு பகுதிப் பெண்கள் இரட்டைப்படையில் எண்ணித் தைத்தது 'ஹிஷிசாஷி'. அழகு அங்கே தேவையின் மடியிலேயே வளர்ந்தது.

1891-இல் இருப்புப்பாதை அவோமோரியை எட்டியது. பருத்தித் துணி எளிதில் கிடைக்கவே, கொகின் மெல்ல மறைந்தது. 1932-இல் அறிஞர் யனகி சோஎட்சு தம் 'கோகெய்' இதழில் அதன் பெருமையை எடுத்துரைத்தார். பின்னர் தனாகா சூசபுரோ சிற்றூர்கள்தோறும் பழந்துணிகளைத் தேடிச் சேர்த்தார். அவர் சேர்த்தவற்றுள் சுகாரு, நம்பு பகுதிகளின் 786 சாஷிகோ ஆடைகளை 1983-இல் ஜப்பான் அரசு முக்கிய நாட்டுப்புறப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. தைத்த பெண்களின் பெயர்களோ மறைந்துவிட்டன.

இன்று இக்கலையைக் கற்போர் பெரும்பாலும் 'ஹனஃபுகின்' என்னும் சமையலறைத் துணியில் தொடங்குகின்றனர். வெளுத்த பருத்தித் துணியை இரண்டாக மடித்து, கோலத்தை வரைந்து, ஊசியில் பல தையல்களைச் சேர்த்தெடுத்து நூலை இழுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் துணியை விரலால் நீவிவிட வேண்டும். நூல் இறுகினால் துணி சுருங்கிவிடும். திரும்பும் முனைகளில் நூலைச் சற்றே தளர விடுதலும் வேண்டும். விரைந்து முடிக்க விரும்பும் கைக்கு இது கடினமான பாடமே. சணலிலைக் கோலம் கற்போர்க்குப் பழக்கமானது. விரைந்து நிமிர்ந்து வளரும் அச்செடிபோலப் பிள்ளையும் வளரவேண்டுமென்று குழந்தைகளின் ஆடையில் அதனை இட்டனர்.

ஒரு கேள்வி நம்முள் எழுகின்றது. குளிரில் வாடியோரின் தையலை, குளிரறியாத நாம் மேசைவிரிப்பில் அழகுக்காக இடுவது தகுமோ? தகும் என்றே எண்ணுகிறோம். ஆனால் புதுத்துணியோடு நின்றுவிடலாகாது. மூன்று பயறுகளைப் பொதியும் அளவுள்ள துணியையும் எறியாதவர்கள் அப்பெண்கள் என்பர். நம் வீட்டில் கிழிந்து ஒதுக்கப்பட்ட ஒரு துணியை எடுத்து, அதன் கிழிசலின்மீது முதல் தையலை இடுவோம். பெயர் தெரியாத அக்கைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.