வாழும் விருப்பமும் வகுப்பறையும்

1910ஆம் ஆண்டு ஏப்ரல் 20, புதன்கிழமை. வியன்னா உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் வாராந்தரக் கூட்டத்தில் அன்று எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், பள்ளி மாணவர்களின் தற்கொலை. அடுத்த புதன்கிழமையும் விவாதம் தொடர்ந்தது. பேசியவர்களில் சிக்மண்ட் ஃப்ராய்ட், அல்ஃப்ரெட் அட்லர், வில்ஹெல்ம் ஸ்டெக்கல் ஆகியோர் உண்டு. ஆனால் விவாதத்தைத் தொடங்கிவைத்தவர் மருத்துவர் அல்லர். வியன்னாவின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஓர் ஆசிரியர். அவ்வுரைகள் சிறு நூலாக அச்சேறியபோது அவர் தம் பெயரை இடவில்லை. 'பலரில் ஒருவன்' என்று பொருள்படும் லத்தீன் தொடரையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

அக்காலத்தில் இப்பொருளைப் பேசாமலிருக்க இயலாது. ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளின் நாளிதழ்களில் மாணவர் மரணங்கள் அடிக்கடி செய்தியாகிக்கொண்டிருந்தன. இலக்கியம் அதற்கு முன்பே விழித்துக்கொண்டுவிட்டது. ஃப்ராங்க் வெடெகிண்ட் 1891இல் எழுதி வெளியிட்ட 'வசந்தத்தின் விழிப்பு' நாடகத்தில், தேர்ச்சி பெறாத மாணவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து 1906இல்தான் அது பெர்லின் மேடையைக் கண்டது. அதே ஆண்டில், 'சித்தார்த்தன்' வழியே தமிழ் வாசகர்கள் அறிந்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சக்கரத்தின் அடியில்' நாவலும் நூலாக வந்தது. தேர்வுக்காகவே வளர்க்கப்பட்டு, தேர்வாலேயே தேய்ந்துபோகும் ஒரு கிராமத்துச் சிறுவனின் கதை அது. குற்றவாளிக் கூண்டில் பள்ளி நிறுத்தப்பட்டிருந்தது.

பெயரிடாத அந்த ஆசிரியர் பள்ளிக்காக வாதாடினார். பள்ளிக்குச் செல்லாத இளைஞர்களும் தொழில் பழகும் சிறுவர்களும்கூட இவ்வாறு இறக்கிறார்கள், ஆகவே எல்லாப் பழியையும் பள்ளியின் தலையில் ஏற்றுவது நியாயமன்று என்பது அவர் வாதம். ஃப்ராய்ட் இதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே நிற்கவும் இல்லை. மாணவனைத் தற்கொலைக்குத் தள்ளாதிருப்பது மட்டும் ஒரு பள்ளியின் சாதனை ஆகாது. குடும்பத்தின் பிடி தளரும் வயதில் அவனுக்கு வாழும் விருப்பத்தையும், வெளியுலகின் மீது ஈடுபாட்டையும், ஊன்றிக்கொள்ள ஓர் ஆதாரத்தையும் பள்ளி தரவேண்டும் என்றார். முதிராதவர்களோடு பழகுகிறோம் என்பதைப் பள்ளி மறந்துவிடலாகாது. வளர்ச்சியின் ஒரு படியில் சற்றுத் தங்கி நிற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் சொன்னார். விவாதத்தை முடித்துவைக்கும்போது, நாம் முடிவான விடை எதையும் எட்டவில்லை, அனுபவம் தீர்த்துவைக்கும் வரை தீர்ப்பை ஒத்திவைப்போம் என்றார்.

அந்த அனுபவம் சேர ஒரு நூற்றாண்டு பிடித்தது. அதைச் சுருக்கமாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த ஆசிரியரின் பெயர் டேவிட் எர்ன்ஸ்ட் ஓப்பன்ஹைம். ஃப்ராய்டோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் கனவுகளைப் பற்றி எழுதியவர். 1911இல் அட்லர் பிரிந்தபோது அவரோடு வெளியேறியவர். முதல் உலகப் போரில் ஆஸ்திரியாவுக்காகப் போரிட்டவர். யூதர் என்பதால் நாஜிகள் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசென்றார்கள். 1943இல் அங்கேயே இறந்தார். அவருடைய பேரன், தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர், 2003இல் தாத்தாவின் வாழ்வை ஒரு நூலாக எழுதினார். மாணவரின் உயிரைப் பற்றிய விவாதத்தைத் தொடங்கியவரின் உயிரையே அரசு பறித்த நூற்றாண்டு அது.

அடுத்த காட்சி இங்கிலாந்தில். 1935இல் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் தம் முதல் இறுதிச் சடங்கை நடத்தினார். இறந்தவள் ஒரு பதின்வயதுச் சிறுமி. முதன்முதலாக மாதவிலக்கு வந்தபோது, தனக்குக் கொடிய பால்வினை நோய் பிடித்துவிட்டது என்று அவள் எண்ணிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாரும் இல்லை. ஒரு வாக்கியத்தில் தீர்ந்திருக்க வேண்டிய அச்சம் அது. தாயோ ஆசிரியையோ தோழியோ அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். வாரா அக்கல்லறைக்கு முன் செய்துகொண்ட முடிவின்படி இளையோருக்குப் பாலியல் கல்வி கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் வந்தவர்கள் மற்றத் துயரங்களையும் பேசினார்கள். 1953இல் லண்டனின் ஒரு தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாகத் துணிந்தவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

அப்போது இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி ஒரு குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1961இல்தான் சட்டம் மாறியது. நாமும் அதே காலனிய மரபைச் சுமந்தவர்கள். 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 309ஆம் பிரிவு, 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தால் பெரும்பாலும் செயலிழந்தது. 2024 ஜூலையில் புதிய சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது மறைந்தது. சொன்னால் குற்றம் என்றிருந்த ஒன்றைப் பள்ளியில் எப்படிச் சொல்லித்தந்திருக்க முடியும்?

பள்ளிப் பாடமாக இதை முதலில் பெருமளவில் முயன்றது அமெரிக்கா. அங்கே பதினைந்து முதல் இருபத்துநான்கு வயது வரையிலானோரின் தற்கொலை விகிதம் 1950களிலிருந்து 1980க்குள் ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தது. 1980களில் அரசுப் பள்ளிகள் பலவற்றில் இதற்கென வகுப்புகள் தொடங்கின. நோக்கம் நல்லது. ஆனால் அவ்வகுப்புகள் எதைச் சொல்லின? 1989இல் கார்லண்ட், ஷாஃபர் முதலிய ஆய்வாளர்கள் நாடெங்கும் நடந்த 115 திட்டங்களை ஆராய்ந்தார்கள். மிகப் பெரும்பாலானவை தற்கொலையை மன அழுத்தத்தின் விளைவாக, யாருக்கும் நேரக்கூடிய ஒன்றாகவே காட்டின. களங்கம் நீங்கவேண்டும் என்ற அக்கறையில், மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்ற செய்தி பின்தள்ளப்பட்டது. தற்கொலை இயல்பான ஒரு வழிபோலத் தோன்றும் அபாயமும் சேர்ந்துகொண்டது.

1990இல் டேவிட் ஷாஃபரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட இன்னொரு முடிவு கசப்பானது. முன்பே ஒருமுறை முயன்றிருந்த மாணவர்களின் எண்ணங்களை அவ்வகுப்புகள் மாற்றியதற்குச் சான்று குறைவாகவே இருந்தது. மற்றவர்களைவிட அவர்கள் கூடுதலாகக் கலங்கினார்கள் என்பதற்கோ சில சான்றுகள் இருந்தன. யாருக்காக வகுப்பு நடத்தப்பட்டதோ, அவனைத்தான் அது காயப்படுத்தியிருக்கிறது. ஒரு மணிநேரச் சொற்பொழிவு, கைதட்டல், மணியோசை, அடுத்தது கணக்குப் பாடம் என்று நகரும் கூடத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த ஒருவனை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைப் படிப்பவர் உடனே ஒரு முடிவுக்கு வரக்கூடும்: ஆக, பேசாமலிருப்பதே நல்லது. நம்மூர்ப் பெரியவர்கள் பலரின் கருத்தும் அதுவே. 'அதைப் பற்றிப் பேசி அவன் மனசில் விதைக்காதே' என்பார்கள். ஆனால் அந்த அச்சமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2005இல் மேடலின் கூல்ட் குழுவினர் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டார்கள். மற்றவர்களிடம் முதலில் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களின் மனத்துயர் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களிடம், கேட்டது சற்று ஆறுதலையே தந்திருந்தது. கேட்பதால் கேடில்லை. அப்படியென்றால் முந்தைய வகுப்புகளின் பிழை, பேசியதில் இல்லை. பேசிய விதத்தில் இருந்தது.

எந்த விதம்? ஃப்ராய்ட் ஒத்திவைத்த தீர்ப்புக்கு மிக அருகில் வந்த விடை 2015இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஸ்வீடனின் டானுடா வாஸர்மன் தலைமையில் ஆஸ்திரியா உட்படப் பத்து ஐரோப்பிய நாடுகள், 168 பள்ளிகள், சராசரியாகப் பதினைந்து வயதுடைய 11,110 மாணவர்கள். மூன்று வழிகள் ஒப்பிடப்பட்டன. முதல் வழியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி: துன்பத்தில் இருக்கும் மாணவனை அடையாளம் கண்டு உதவிக்கு அனுப்புவது அவர்கள் வேலை. இரண்டாம் வழியில் வல்லுநர்கள்: வினாப்பட்டியலின் விடைகளைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவர்களை அழைத்துப் பேசுவார்கள். மூன்றாம் வழியில் மாணவர்களே மையம். நான்கு வாரங்களில் ஐந்து மணிநேரம். அதில் மூன்று மணிநேரம் நடித்துப் பார்த்தல். வீட்டுக்கு எடுத்துச்செல்ல 32 பக்கக் கையேடு, வகுப்பறைச் சுவரில் ஆறு சுவரொட்டிகள். நண்பன் ஒருவன் திடீரென்று ஒதுங்குகிறான், என்ன செய்வாய்? வீட்டில் சண்டை, யாரிடம் சொல்வாய்? நடித்தார்கள், மறுத்தார்கள், வேறு விதமாக நடித்துப் பார்த்தார்கள். நான்காம் தொகுதி ஒப்பீட்டுக்காக; அவர்களுக்குச் சுவரொட்டி மட்டும்.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஒப்பீட்டுத் தொகுதியில் 34 பேர் புதிதாகத் தற்கொலை முயற்சியில் இறங்கியதாகச் சொன்னார்கள், அதாவது 1.51 சதவீதம். மாணவர்களே மையமான வகுப்பில் 14 பேர், 0.70 சதவீதம். கடுமையான தற்கொலை எண்ணங்களும் ஏறத்தாழப் பாதியாகியிருந்தன. ஆசிரியர் கண்காணித்த வழியிலும் வல்லுநர் வினவிய வழியிலும் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இம்முடிவை ஊதிப் பெருக்கக்கூடாது. மாணவர்கள் தாமே சொன்ன விடைகளை நம்பிய ஆய்வு இது. நோயுற்றவனுக்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும், நாடகம் போதாது. ஆனாலும் இந்த நூற்றாண்டு வரலாற்றை ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தென்படுவது இது: பெரியவர்கள் மாணவனைப் பற்றிப் பேசிய காலம், மாணவனுக்கு முன் பேசிய காலம், மாணவனைக் கண்காணித்த காலம் ஆகியவற்றைக் கடந்து, அவனைப் பேசவிட்ட இடத்தில்தான் தெளிவான மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. இறந்துபோன அந்த ஆங்கிலச் சிறுமிக்குத் தேவைப்பட்டதும் அறிவுரை அன்று. கேட்க ஒரு வாய்ப்பு.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தமான ஓர் அத்தியாயம் உண்டு. 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கினார். சாட் வாராவின் வழிவந்த, தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்கும் அமைப்பு அது. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் வரும் அழைப்புகளிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம், தோல்வியைவிட அதற்குப் பின் வரும் ஓராண்டு வெறுமைதான் மாணவர்களை அச்சுறுத்துகிறது என்பது. தவறியவர்கள் சில வாரங்களுக்குள் மீண்டும் எழுதும் உடனடித் துணைத்தேர்வு இங்கே வந்ததற்குப் பின்னால் அத்தகைய வலியுறுத்தல்கள் இருந்தன. 2017இல் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. வளர்ச்சியின் ஒரு படியில் தங்கி நிற்கும் உரிமை என்று வியன்னாவில் சொல்லப்பட்டதை, நம் தேர்வுத்துறை ஓரளவு நிறைவேற்றியிருக்கிறது என்றே சொல்வேன்.

பள்ளியின் கதவு அவ்வளவில் திறந்திருக்கிறது. வகுப்பறையின் கதவு திறக்கவேண்டும். 2022 நவம்பரில் இந்திய அரசு வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, எட்டு ஆண்டுகளுக்குள் எல்லாக் கல்வி நிலையங்களிலும் மனநலப் பாடத்தைச் சேர்க்கவேண்டும் என்கிறது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. ஐரோப்பிய வகுப்பு குஜராத்தின் மேசானா மாவட்டப் பள்ளிகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆணைகள் உள்ளன.

ஆனால் நம் பள்ளிகளில் நீதிபோதனை என்றொரு பாடவேளையும் அட்டவணையில் இருந்தது. நான் படித்த காலத்தில் அதைப் பெரும்பாலும் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். எஞ்சிய நாட்களில் அசையாமல் உட்கார்ந்து அறிவுரை கேட்போம். மனநலப் பாடமும் அப்படி ஆகிவிடக்கூடாது. அது தேர்வில் கேட்கப்படும் ஐந்து மதிப்பெண் வினாவாகிவிட்டால், மனச்சோர்வின் அறிகுறிகள் நான்கினை எழுதத் தெரிந்த பிள்ளை, பக்கத்தில் இருப்பவனிடம் 'உனக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கத் தெரியாமல் வளரும். ஐந்து மணிநேரம் என்பது ஏழு பாடவேளைகள். ஓராண்டில் ஏழு பாடவேளைகள் மதிப்பெண் இல்லாமல், பிள்ளைகள் பேச, பெரியவர்கள் கேட்க. அதைக் கொடுக்க மனம் வருமா என்பதே கேள்வி.

இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும், அல்லது அவர்களுக்கு நெருங்கியவர்களுக்கேனும் இப்போது பேச ஒருவர் தேவைப்பட்டால், அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

ஓப்பன்ஹைம் தம் பள்ளியை நேசித்ததால்தான் அதற்காக வாதாடினார் என்று நினைக்கிறேன். தம் பெயரை மறைத்தது அச்சத்தாலா, அடக்கத்தாலா என்பது எனக்கு விளங்கவில்லை. எனினும் அந்தப் புனைபெயர் பொருத்தமானது. ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து நிற்கும்போது, கையிலிருக்கும் விடைத்தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு 'சொல்லுப்பா' என்று கேட்கும் ஆசிரியர் எந்த ஊரிலும் புகழ்பெற்றவராக இருப்பதில்லை. அவர் பலரில் ஒருவர்தான்.