கல்லறை காக்கப்பட்டது, ஊர்?

தில்லியின் கிட்வாய் நகரை அடுத்துள்ளது கோட்லா முபாரக்பூர். சையிது மரபின் இரண்டாம் சுல்தானான முபாரக் ஷா, யமுனைக் கரையில் முபாரகாபாத் என்னும் புதுநகரை எழுப்பத் தொடங்கினார். 1434இல் அங்கேயே கொல்லப்பட்டார். அந்நகர் எஞ்சவில்லை. எஞ்சியது, மதில் சூழ்ந்த அவரது எண்கோணக் கல்லறையே. பிற்காலத்தில் அம்மதிலுக்குள் மக்கள் குடியேற, கல்லறையைச் சுற்றி ஓர் ஊர் வளர்ந்தது.

இன்று அக்கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நினைவுச்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபோது, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டுமானம் விலக்கப்பட்டது. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும்.

இவ்வளவை திறந்தவெளிச் சின்னத்திற்குப் பொருந்தும். கல்லறையோடு ஒட்டி வாழும் ஊரிலோ, தலைமுறைகளாய்க் குடியிருப்போரின் வீடும் புதிதாய் எழும் அடுக்குமாடியும் ஒரே கோலால் அளக்கப்படுகின்றன. விளைவாக, தம் ஊரின் தொன்மையே குடிகளுக்குச் சுமையாகிறது.

ஒவ்வொரு சின்னத்திற்கும் தனித்தனிப் பாரம்பரிய விதிகள் வகுக்க அதே திருத்தம் இடமளிக்கிறது. அவ்விதிகள் மதிலையும் தெருவையும் குடிகளையும் சேர்த்தே வரலாறாகக் கொள்ள வேண்டும். குவிமாடத்தை மட்டும் காப்பது, நகரின் வரலாற்றை அரசனின் மரணத்தோடு முடித்துவிடுவதாகும்.